வேதியியல் கணக்குகள்: வினை, அமிலம், பிணைப்பு பற்றிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மாலை நேரத்தில் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்து வேதியியல் சொல்லித் தருகிறேன். வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் அப்படியே வருகின்றன. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே தந்திருக்கிறேன். குறியீடுகளைப் போடாமல் பொருள்களின் பெயரையே எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். குறியீட்டைப் பார்த்ததும் கை எழுத ஆரம்பித்துவிடுகிறது, என்ன நடக்கிறது என்று மனம் யோசிப்பதில்லை. நோட்டில் எழுதும்போது நீங்கள் குறியீட்டிலேயே எழுதுங்கள்.

மிஸ், சமன்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வாய்விட்டுப் படிப்பதிலிருந்து. சமன்பாடு என்பது ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அம்மோனியா உண்டாகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் ஆகின்றன." இதை இப்படிச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பவை வினைபடு பொருள்கள், வலப்பக்கம் இருப்பவை வினைவிளை பொருள்கள்.

என்னிடம் வரும் நோட்டுகளில் தப்பாகப் போன கணக்குகளைப் பார்த்தால், பெருக்கல் வகுத்தல் தவறுவது குறைவு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்ளாமலே பெருக்கியிருப்பார்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்துக்கே திரும்பி வரும்.

முன்னாடி போடுற எண்ணும் கீழே சின்னதா போடுற எண்ணும் ரெண்டும் எண்தானே? எதை மாத்தினா என்ன?

முன்னால் போடுவது கெழு. எத்தனை மூலக்கூறு என்று அது சொல்கிறது. கீழே சின்னதாக இருப்பது அந்த மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்று சொல்கிறது. கெழுவை மாற்றினால் அளவுதான் மாறும், கீழ் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும்.

நீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜன் பத்தவில்லை என்று அதன் கீழே ஒரு 2 போட்டீர்கள் என்றால் நீங்கள் எழுதியது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரை பொங்குமே, அந்த மருந்து. தாகத்துக்குக் குடிப்பதும் அதுவும் ஒன்றாகுமா? அதனால் சமன்படுத்தும்போது கீழ் எண்ணில் கை வைக்கவே கூடாது.

சமன்படுத்த ஏதாவது குறுக்கு வழி இருக்கா? நான் போட்டுப் போட்டு அழிச்சுக்கிட்டே இருக்கேன்.

குறுக்கு வழி என்று சொல்ல மாட்டேன், ஒரு வரிசை இருக்கிறது. எந்தத் தனிமம் மிகக் குறைவான பொருள்களில் வருகிறதோ அதில் தொடங்குங்கள். தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு வையுங்கள், ஏனென்றால் அதன் கெழுவை மாற்றினால் வேறு எதுவும் கலையாது.

சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனைப் பார்ப்போம். ஒரு பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். அது ஆக்சிஜனில் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகிறது. முதலில் கார்பன்: 4 கார்பன் டை ஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 10 ஹைட்ரஜனுக்கு 5 நீர். இப்போது வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்களை எண்ணுங்கள், 8 + 5 = 13. ஆக்சிஜன் இரண்டிரண்டாக வரும் மூலக்கூறு, ஆகவே ஆறரை மூலக்கூறு வேண்டும். அரை மூலக்கூறு வந்ததும் பயந்து எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். அழிக்க வேண்டாம், முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் பெருக்கிவிடுங்கள்: 2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர். கடைசியில் ஒருமுறை ஆக்சிஜனை எண்ணிப் பாருங்கள், இடப்பக்கம் 26, வலப்பக்கம் 16 + 10. சரி.

ஏன் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்? விறகு எரிஞ்சா சாம்பல் கொஞ்சம்தானே மிஞ்சுது?

மிச்சம் புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகவும் காற்றில் போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் லவாய்சியர் செய்த பெரிய வேலையே இதுதான்: மூடிய பாத்திரத்துக்குள் வினையை நடத்தி, முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தார். வாயு வெளியேற வழியில்லை என்றால் எடை மாறவில்லை. இதை நிறை மாறா விதி என்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சின்ன பாட்டிலில் வினிகர், ஒரு பலூனுக்குள் சமையல் சோடா. பலூனின் வாயைப் பாட்டிலில் மாட்டி, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டினால் நுரைத்துப் பலூன் உப்பும், தராசில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். (உப்பிய பலூனைச் சுற்றியுள்ள காற்று மேலே தூக்குவதால் துளி குறைத்துக் காட்டலாம்.) பலூனைக் கழற்றிவிட்டு, வாயு போனதும் அதையும் தராசிலேயே வைத்துப் பாருங்கள், எண் இறங்கியிருக்கும். அந்த இறக்கம்தான் வெளியே போன கார்பன் டை ஆக்சைடு.

மோல்னா என்ன? எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில ஏறல.

டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³. அவ்வளவுதான், ஓர் எண்ணிக்கையின் பெயர். 2019-லிருந்து இந்த எண்ணை 6.02214076 × 10²³ என்று துல்லியமாகவே வரையறுத்துவிட்டார்கள், நமக்குக் கணக்குக்கு 6.022 போதும்.

எதற்கு இந்த எண் என்பதுதான் அடுத்த கேள்வி. நெல் ரகங்களைப் பற்றிப் படித்தால் "ஆயிரம் மணி எடை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு நெல்மணியைத் தராசில் வைத்தால் ஒன்றும் தெரியாது, ஆயிரம் மணியை எண்ணி நிறுத்தால் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியும். சன்ன ரகத்துக்கு எடை குறைவு, மோட்டா ரகத்துக்கு எடை அதிகம், ஆனால் எண்ணிக்கை இரண்டிலும் ஆயிரம்தான். அது தெரிந்தால் ஒரு படி நெல்லை நிறுத்தே எத்தனை மணி என்று சொல்லிவிடலாம், உட்கார்ந்து எண்ண வேண்டாம். மோலார் நிறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு 2 கிராம், ஒரு மோல் நீர் 18 கிராம், ஒரு மோல் சாதாரண உப்பு 58.5 கிராம். எடை வேறு வேறு, எண்ணிக்கை ஒன்றே.

கணக்குல கிராம் கொடுத்திருக்காங்க. நேரா சமன்பாட்டுல போட்டுடலாமா?

கூடாது. முதல் கேள்வியில் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். "ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன்" என்பது எண்ணிக்கை, எடை இல்லை. 1 கிராம் நைட்ரஜனுக்கு 3 கிராம் ஹைட்ரஜன் என்று யாரும் சொல்லவில்லை. கிராமை மோலாக்க வேண்டும், சமன்பாட்டின் விகிதத்தைப் பயன்படுத்த வேண்டும், கேட்டால் திரும்பக் கிராமாக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் வரும், எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. மோலார் நிறைகள் 100, 56, 44. சுண்ணாம்புக் கல் 50 கிராம் என்றால் அரை மோல். ஆகவே அரை மோல் கால்சியம் ஆக்சைடு, அதாவது 28 கிராம். அரை மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 22 கிராம். 28 + 22 = 50. கூட்டிப் பார்த்தால் போட்ட எடை திரும்ப வருகிறது பாருங்கள், மேலே சொன்ன நிறை மாறா விதியே நம் விடையைச் சரிபார்த்துக் கொடுக்கிறது.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணின்னா எடை குறைவா இருக்கறதுதானே?

இல்லை, இதில்தான் நிறையப் பேருக்கு மதிப்பெண் போகிறது. முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருளுக்குத்தான் அந்தப் பெயர். இட்லிக்கு ஊறப்போடும்போது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டு ஆழாக்கு அரிசியும் மூன்று ஆழாக்கு உளுந்தும் இருக்கிறது. உளுந்துதான் குறைவு, ஆனால் முதலில் தீர்வது அரிசி. எட்டு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு உளுந்து போதும், ஒரு ஆழாக்கு மிச்சம். எது குறைவாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எது தேவைக்குப் பத்தாமல் போகிறது என்று பாருங்கள்.

இப்போது வேதியியல். 14 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன். வினை முழுமையாக நடந்தால் எவ்வளவு அம்மோனியா? நைட்ரஜன் 14/28 = 0.5 மோல். ஹைட்ரஜன் 4/2 = 2 மோல். 0.5 மோல் நைட்ரஜனுக்கு 1.5 மோல் ஹைட்ரஜன் போதும், நம்மிடம் 2 இருக்கிறது. ஆக எடையில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது. கிடைப்பது 1 மோல் அம்மோனியா, 17 கிராம். மிச்சம் 0.5 மோல் ஹைட்ரஜன், 1 கிராம். 17 + 1 = 18, போட்டதும் 18.

எல்லா வினையையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். இரும்பு ஆணியைக் காப்பர் சல்ஃபேட் கரைசலில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இடப்பெயர்ச்சி வினை மறக்காது: கரைசலின் நீலம் மெல்ல வெளிறும், ஆணியின் மேல் செம்பழுப்பாக ஒரு படலம் ஏறும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் தாமிரம். இரும்பு இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைசலுக்குள் போகிறது, தாமிர அயனி (மின்சுமையுள்ள தாமிர அணு) அதை வாங்கி உலோகமாக வெளியே வருகிறது. கொடுப்பது ஆக்ஸிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம். தாமிரக் கம்பியை இரும்பு சல்ஃபேட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது. எந்த உலோகம் எதை வெளியேற்றும் என்று காட்டும் வினைபடுதிறன் வரிசையை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் இப்படி நூறு வினைகளை நீங்களே எழுதிவிடலாம்.

எலுமிச்சை, புளி, தயிர் எல்லாம் அமிலம்னா எப்படி நாக்கு வேகாம சாப்பிடுறோம்?

நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்று அர்ஹீனியஸ் சொன்னார். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். இவை எல்லாமே தங்களிடம் இருக்கும் ஹைட்ரஜன் அயனியில் கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும் வலிமை குறைந்த அமிலங்கள். ஒன்று தெரியுமா, நம் இரைப்பைக்குள் இருப்பதோ வலிமை மிகு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் உட்சுவரில் சளிப்படலம் இருப்பதால்தான் தாங்குகிறது.

வலிமை மிகு அமிலம், செறிவு மிகு அமிலம் ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் ஒன்று போலத் தோன்றும், வேதியியலில் வேறு. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பது. வலிமை என்பது போட்டதில் எவ்வளவு அயனியாகப் பிரிகிறது என்பது. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டாவது அந்த அமிலத்தின் குணம்.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் செறிவில் சமம். முதலாவது முழுக்கப் பிரிந்துவிடும், பிஹெச் 1. (பிஹெச் என்பது கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்று காட்டும் எண், எண் குறைந்தால் அமிலத்தன்மை அதிகம்.) அசிட்டிக் அமிலம் எந்த அளவுக்குப் பிரியும் என்று காட்டும் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. அதைச் செறிவால் பெருக்கினால் 1.8 × 10⁻⁶, வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய 1.34 × 10⁻³ மோலார், பிஹெச் சுமார் 2.87. நூறு மூலக்கூறில் ஒன்று அல்லது இரண்டுதான் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிஹெச் 3-ல இருந்து 6 ஆனா அமிலத்தன்மை பாதியாயிடுச்சுன்னு சொல்லலாமா?

ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று சொல்லுங்கள். பிஹெச் ஒரு மடக்கை அளவு, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. 1909-இல் கோபன்ஹேகனில், ஒரு பீர் நிறுவனம் நடத்திய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன், 0.0000001 மாதிரியான எண்களைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததால் இந்த முறையைக் கொண்டுவந்தார். 10⁻³ என்றால் 3, 10⁻⁶ என்றால் 6. பிஹெச்சைக் கூட்டிச் சராசரி எடுக்கும் தப்பும் இதனால்தான் வருகிறது. இரண்டு அமிலக் கரைசல்களைக் கலந்தால் ஹைட்ரஜன் அயனியின் மோல்களைக் கூட்டி, மொத்தக் கன அளவால் வகுத்து, அதற்கப்புறம் மடக்கை எடுக்க வேண்டும்.

ஆரத்தி தண்ணி சிவப்பாகுதே, அது வேதிவினையா இல்ல சும்மா கலரா?

வேதிவினைதான். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாகவே இருக்கும். அதில் சுண்ணாம்பைத் தொட்டு விரலால் ஒரு கலக்குக் கலக்கினால், விரல் போன வழியில் சிவப்பாக ஒரு கோடு ஓடி, அடுத்த நொடியில் தட்டு முழுக்கப் பரவிவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழந்து நிறம் மாறுகிறது. அதே நீரில் எலுமிச்சையைப் பிழியுங்கள், திரும்ப மஞ்சளாகும். சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்படி நிறம் காட்டும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். ஆய்வகத்தில் பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு பயன்படுத்துகிறோம்.

அசிட்டிக் அமிலத்துல நாலு ஹைட்ரஜன் இருக்கே, ஏன் காரத்துவம் 1-னு போட்டிருக்கு?

மூன்று ஹைட்ரஜன்கள் கார்பனோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவை நீரில் கழன்று வராது. ஆக்சிஜனோடு இணைந்திருக்கும் ஒன்றுதான் வெளியே வரும். எத்தனை ஹைட்ரஜன் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எத்தனை கழன்று வரும் என்று கேளுங்கள், அந்த எண்தான் காரத்துவம். பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தும் ஒன்று நேராகப் பாஸ்பரஸோடு இணைந்திருப்பதால் காரத்துவம் 2. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்றும் ஆக்சிஜனோடு இருப்பதால் 3.

எவ்வளவு அமிலம் ஊற்றினால் காரம் தீரும் என்று அளக்கும் தரம் பார்க்கும் கணக்கில் சல்ஃபூரிக் அமிலம் வந்தால் விடை சரியாக இரண்டு மடங்கு தவறுவதும் இதனால்தான். அதன் காரத்துவம் 2. 25 மி.லி. அளவுள்ள 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை நடுநிலையாக்க 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி. வேண்டும், அதே செறிவுள்ள சல்ஃபூரிக் அமிலம் என்றால் 12.5 மி.லி. போதும். சமன்பாட்டை வாக்கியமாகப் படித்திருந்தால் "ஒரு சல்ஃபூரிக் அமிலத்துக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு" என்பது காதில் விழுந்திருக்கும்.

நடுநிலையாக்கினா பிஹெச் எப்பவும் 7 தானே? பேரே நடுநிலைன்னுதானே இருக்கு?

பெயர் ஏமாற்றுகிறது. வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் சேர்ந்தால் மட்டும் 25 டிகிரி செல்சியஸில் 7. அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால் வருவது சோடியம் அசிட்டேட். அதில் உள்ள அசிட்டேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ராக்சைடு மிஞ்சும், பிஹெச் 7-க்கு மேலே போகும். அதனால்தான் அந்தத் தரம் பார்த்தலுக்கு 8.2-க்கு மேல் நிறம் மாறும் பினாப்தலீனைத் தருகிறார்கள். சலவைச் சோடா ஓர் உப்புதான், ஆனாலும் அதன் கரைசல் காரத்தைப் போலக் கையில் வழுவழுக்கும். அம்மோனியம் குளோரைடு எதிர்ப்பக்கம், அதன் கரைசல் லேசான அமிலம்.

உலோகமும் அலோகமும் சேர்ந்தா அயனிப் பிணைப்பு, ரெண்டு அலோகம்னா சகப்பிணைப்பு. இது போதாதா?

தொடங்குவதற்குப் போதும், நம்பி இருக்கப் போதாது. எலக்ட்ரானை ஒன்று கொடுத்து மற்றது வாங்கினால் அயனிப் பிணைப்பு, இரண்டும் பங்கிட்டுக்கொண்டால் சகப்பிணைப்பு. அலுமினியம் உலோகம், குளோரின் அலோகம், ஆனால் நீரற்ற அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகிவிடும், அதாவது உருகாமலே ஆவியாகிவிடும். சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி வேண்டும். பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனான எலக்ட்ரான் கவர்தன்மையைப் பாருங்கள். குளோரினுக்கு 3.16, சோடியத்துக்கு 0.93, வித்தியாசம் 2.23. அலுமினியத்துக்கு 1.61, வித்தியாசம் 1.55 மட்டுமே. அலுமினியம் குளோரைடில் சகப்பிணைப்புத் தன்மை தூக்கலாக இருக்கிறது. இன்னொரு பக்கம் அம்மோனியம் குளோரைடில் உலோகமே இல்லை, ஆனால் அது அயனிச் சேர்மம்.

அயனி, சகப்பிணைப்பு என்று இரண்டு டப்பா வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரு முனையில் சமமாகப் பங்கிடும் ஹைட்ரஜன் மூலக்கூறு, மறு முனையில் சோடியம் குளோரைடு போன்றவை, நடுவில் எல்லா அளவிலும் சேர்மங்கள் இருக்கின்றன. ஹைட்ரஜன் குளோரைடு அந்த நடுவில் நிற்கிறது.

லூயிஸ் அமைப்பு வரையும்போது எலக்ட்ரான் ஒண்ணு மிஞ்சுது, இல்லாட்டி பத்தாம போகுது. என்ன பண்றது?

லூயிஸ் அமைப்பு என்பது எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகப் போட்டுப் பிணைப்பைக் காட்டும் படம். வரைவதற்கு முன் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்களை (அணுவின் வெளிக்கூட்டில் இருப்பவை) எண்ணி ஓரத்தில் எழுதிவிடுங்கள். அந்த எண்ணுக்கு மேலே ஒரு புள்ளிகூடப் போடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுக்கு 4 + 6 + 6 = 16. கார்பனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒற்றைப் பிணைப்பு போட்டால் 4 செலவு, மிச்சம் 12. ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் 6 கொடுத்தால் தீர்ந்தது. இப்போது ஆக்சிஜன்களுக்கு எட்டு இருக்கிறது, கார்பனுக்கு நாலுதான். புதிதாக எலக்ட்ரான் கொண்டுவர முடியாது, ஆகவே ஒவ்வொரு ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த ஜோடியை (பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரானை) நடுவுக்கு நகர்த்துங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்பு, எல்லோருக்கும் எட்டு. அயனி என்றால் எதிர்மின் சுமைக்கு எலக்ட்ரானைக் கூட்டுங்கள், நேர்மின் சுமைக்குக் கழியுங்கள், இதை மறப்பதால்தான் பாதிப் பேருக்கு ஒன்று இரண்டு இடிக்கிறது.

அப்போ எண்ம விதி எல்லாத்துக்கும் பொருந்துமா?

ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான் வர வேண்டும் என்ற அந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி வழக்கமாக ஆறுதான் வரைகிறோம். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பத்து, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடில் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் மொத்தமே 11 எலக்ட்ரான், ஒற்றைப்படை, எப்படிப் பிரித்தாலும் எல்லோருக்கும் எட்டு வராது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின் நான்கும் எட்டைத் தாண்டாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டில் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு தெரிந்தால் உடனே அழியுங்கள்.

நீர்லயும் மூணு அணு, கார்பன் டை ஆக்சைடுலயும் மூணு அணு. நீர் மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?

மேலே சொன்னபடி எலக்ட்ரானை எண்ணி இரண்டையும் வரையுங்கள். கார்பனில் தனித்த ஜோடி எதுவும் மிஞ்சாது, நீரின் ஆக்சிஜனில் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டு ஜோடிக்கும் இடம் வேண்டும், அவை பிணைப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன. கோணம் 104.5 டிகிரி.

பிணைப்பு உடையும்போதுதானே சக்தி வெளிவருது? பட்டாசு வெடிக்கிற மாதிரி?

தலைகீழ். பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்க வேண்டும், புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் சக்தி வெளிவரும். பட்டாசிலும் அப்படித்தான், உடைக்கக் கொடுத்ததைவிடப் புதிதாக உருவானவை அதிகமாகத் தருவதால் மிச்சம் வெளியே வருகிறது.

ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் வினையில் கணக்குப் போடலாம். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல், குளோரினுக்கு 242. செலவு 678. உருவாகும் இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்புகள் தலா 431 தருகின்றன, வரவு 862. மிச்சம் 184 கிலோஜூல் வெளிவருகிறது. வரவு, செலவு என்று இரண்டு பக்கமாக எழுதிப் பழகினால் கூட்டல் கழித்தல் குறி ஒருபோதும் குழம்பாது.

சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுதுன்னு புத்தகத்துல படிச்சேன். சும்மா கொடுத்துடுமா?

சும்மா கொடுக்காது. வாயு நிலையில் இருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது திரும்பத் தருவது 349. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் 147 நட்டம்! அப்படியென்றால் உப்பு ஏன் உருவாகிறது? நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றையொன்று இழுத்து, வரிசை வரிசையாகப் படிகத்தில் அடுக்கப்படும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. அந்த வரவில்தான் எல்லாச் செலவும் அடைகிறது. எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்ற ஆசை அணுவுக்குக் கிடையாது. இது எனக்கே கல்லூரியில்தான் புரிந்தது, பள்ளியிலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எனக்கு பிஹெச் 8 வருது. அமிலம் எப்படி காரமாகும்?

ஆகாது, உங்கள் சந்தேகம் சரி, விடைதான் தப்பு. நீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனியைத் தனக்குள் வைத்திருக்கிறது. 0.1 மோலார் அமிலத்தில் அது தூசி, அதனால் கண்டுகொள்ளாமல் விட்டோம். இங்கே அமிலம் தருவது நீர் தருவதைவிடக் குறைவு, விட முடியாது. அப்படியே கூட்டி 1.1 × 10⁻⁷ என்று போட்டாலும் கொஞ்சம் பிசகும், ஏனென்றால் அமிலம் சேர்ந்ததும் நீரின் பிரிகை சற்றுக் குறையும்.

மொத்த ஹைட்ரஜன் அயனியை 'க' என்று வையுங்கள். அதில் 10⁻⁸ அமிலத்திலிருந்து வந்தது, மீதி நீரிலிருந்து வந்தது, ஹைட்ராக்சைடும் அந்த மீதி அளவேதான். ஆகவே க × (க − 10⁻⁸) = 10⁻¹⁴. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் க = 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. இதே முறையில் 10⁻⁹ மோலாருக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள், 6.998 வர வேண்டும். எவ்வளவு நீர்த்துக்கொண்டே போனாலும் 7-ஐ நெருங்கும், தாண்டாது.